காரணம் எண் ஆறு

எங்கள் கட்டடத்தில் இரண்டு துறைகள் குடியிருக்கின்றன. இடப்பக்கம் மறைவுத் துறை. நம் நீர்மூழ்கிக் கப்பல் எந்தக் கடலில், எந்த ஆழத்தில் இருக்கிறது என்று ஈ காக்கைக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. வலப்பக்கம் கண்காணிப்புத் துறை. பூமியின் எந்த மூலையில் யார் ஏவுகணை விட்டாலும், அது கக்கும் சூட்டைச் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு, கதவில் இரண்டு பூட்டுகள். இரண்டு இயக்குநர்களிடமும் ஆளுக்கொரு சாவி. இருவரும் ஒரே நேரத்தில் வந்து திருப்பினால்தான் திறக்கும் என்பதால் அது திறந்ததே இல்லை. கழிப்பறை அவர்கள் பக்கம், தேநீர் அறை எங்கள் பக்கம். ஆகவே இரு துறையினரும் தினமும் நான்கைந்து முறை வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு எதிரும் புதிருமாக நடக்கிறோம். ரகசியக் காப்பு விதிப்படி அப்போது ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

அவர்கள் இயக்குநருக்கு மறைவார் என்றும், எங்கள் இயக்குநருக்குப் பார்வையார் என்றும் பியூன்கள் பெயர் வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பதவி உயர்வுக்காகக் காத்திருப்பவர்கள். மற்றபடி அவர்களுக்குள் பகை எதுவும் கிடையாது.

நான் பதினேழு வருஷமாகத் திரை பார்க்கிறேன். திரையில் உலகம் சாம்பல் நிறத்தில் கிடக்கும். எங்கே சூடு தெரிகிறதோ அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி வரும். புள்ளி வந்த பத்து நிமிடத்துக்குள் மஞ்சள் தாளில் அதற்கான காரண எண்ணை எழுத வேண்டும். மொத்தம் ஒன்பது காரணங்கள். ஒன்று, ஏவுகணை. இரண்டு, காட்டுத் தீ. அப்படியே எரிமலை, எண்ணெய்க் கிணறு, செங்கல் சூளை என்று போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புள்ளி எதிலும் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டேன். பட்டியலில் இல்லாத காரணத்தால் சூடு உண்டாவது விதிகளுக்கு முரணானது என்று பதில் குறிப்பாணை வந்தது. அதற்குப் பிறகு நான் வம்புக்குப் போவதில்லை.

ஒன்று எழுதினால் பாராட்டு. எட்டு எழுதினால் தொல்லை இல்லை. எட்டு என்பது கடல்நீரில் சூரிய ஒளியின் பிரதிபலிப்பு. சூரியன் விளக்கம் கேட்டுக் கடிதம் போடாது என்பதால் எங்கள் புள்ளிகளில் பாதிக்கு மேல் எட்டுதான். ஆறு என்றால் மீன்பிடிப் படகில் தீ. ஆறு எழுதினால் உடனே கரையோர மீட்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நல்லவர் விதி எழுதி வைத்திருந்தார். கூடவே நான்கு படிவங்கள் நிரப்ப வேண்டும் என்று இன்னொருவர் சேர்த்துவிட்டார். எனவே யாரும் ஆறு எழுதியதில்லை.

என் மனைவியின் ஒரே தம்பி அந்த நீர்மூழ்கிக் கப்பலில் சமையல்காரன். கப்பலின் பெருமையே சத்தம் போடாமல் இருப்பதுதான் என்பதால் அவன் சமையலும் ஊமைச் சமையல். மரக்கரண்டி மட்டும்தான். தாளிக்கும்போது கடுகு வெடிக்கும் என்று கடுகுக்குத் தடை. தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்ம வேண்டும். எல்லாரும் காலுறையோடுதான் நடக்க வேண்டும். விடுப்பில் வரும்போதெல்லாம் பூனை மாதிரி வந்து பின்னால் நின்று, காதோடு காதாக "அக்கா, பசிக்குது" என்பான். என் மனைவி அலறி இரண்டு முறை பாத்திரத்தைக் கீழே போட்டிருக்கிறாள். இரண்டு முறையும் அவன் பாய்ந்து, பாத்திரம் தரையைத் தொடுமுன் பிடித்துவிட்டான்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அதிகம் பேசமாட்டாள். மச்சான் கிளம்பும் முன்பே பத்திரிகையோடு விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுத்தான் போனான். விண்ணப்பதாரரின் தற்போதைய இருப்பிடம் குறிப்பிடப்படவில்லை என்று அது திரும்பி வந்தது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. என் மனைவி தினமும் சோறு போடும்போது அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஏங்க, உலகத்துல எவன் பட்டாசு வெடிச்சாலும் தெரியுங்கறீங்க. என் தம்பி எங்க இருக்கான்னு மட்டும் தெரியலயா?"

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதையும் சொல்ல முடியாது. மறுநாள் விடியற்காலையில் கூட்டுப் பரீட்சை. இரு துறைகளுக்கும் மேலே இருக்கும் செயலாளர் வைத்த பரீட்சை அது. நீர்மூழ்கிக் கப்பல் எங்கிருந்தோ ஒரு வெற்று ஏவுகணையை விடும். செயற்கைக்கோள் அதைப் பார்த்துவிட்டால் பார்வையார் பாஸ். கப்பல் இருக்கும் இடம் தெரியாமலே போனால் மறைவார் பாஸ். பரீட்சை முடிந்ததும் கப்பல் கரைக்குத் திரும்பும். அதாவது, எல்லாம் ஒழுங்காக நடந்தால் மச்சான் கல்யாணத்துக்கு வந்துவிடுவான்.

காலை நாலரைக்கே பெரியவர்கள் வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் இயக்குநர்களைப் பார்த்துப் பழக்கமில்லாத காவலாளி அடையாள அட்டை கேட்டு வாசலில் நிறுத்திவைத்தார். மூவரும் ஒன்றாக என் அறையில் உட்கார வேண்டும் என்பதால் நடுக்கதவைத் திறக்கச் செயலாளர் உத்தரவிட்டார். பார்வையார் சாவியை நீட்டினார். மறைவார் தன் சாவியை யாருக்கும் தெரியாத இடத்தில் வைத்திருந்தார். எவ்வளவு கச்சிதமாக வைத்திருந்தார் என்றால், அவருக்கே நினைவு வரவில்லை. கடைசியில் ஒரு தச்சரை எழுப்பிக்கொண்டு வந்து கதவைக் கீலோடு கழற்றிப் படுக்கப் போட்டோம்.

ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கடலில் புள்ளி வந்தது. நான் மஞ்சள் தாளில் ஒன்று என்று எழுதினேன். பார்வையார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். செயலாளர் மறைவார் பக்கம் திரும்பி, நம்முடையதுதானே என்று கேட்டார். அதை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்றார் மறைவார். பரீட்சை வைத்ததே நாம்தானே என்றார் செயலாளர். வைத்தது உண்மை, ஆனால் விட்டது நாம்தான் என்று சொன்னால் கப்பல் இருக்கும் இடத்தைச் சொன்னதாகிவிடும், அப்புறம் நான் ஃபெயில் என்றார் மறைவார். பதினைந்து நிமிட ஆலோசனைக்குப் பிறகு, ஏவுகணை பார்க்கப்பட்டது, ஆனால் எதிலிருந்தும் புறப்படவில்லை என்று முடிவாயிற்று. இருவரும் பாஸ். தேநீர் வந்தது.

நான் திரையைப் பார்த்தேன். ஏவுகணையின் புள்ளி நகரும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அது நகர்ந்து அணைந்தும் விட்டது. ஆனால் அது கிளம்பிய இடத்தில் இன்னொரு புள்ளி இருந்தது. அது நகரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டிருந்தது. கப்பலில் தீப்பிடித்து, வேறு வழியில்லாமல் மேலே வந்திருக்கிறது. இல்லாவிட்டால் நீருக்கு அடியில் இருப்பதன் சூடு எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

நான் எழுந்து அதைச் சொன்னேன். யாரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"எங்க கப்பல் மேல வராது. மேல வந்தா அது எங்க கப்பல் இல்ல" என்றார் மறைவார்.

உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், மீட்புப் படகு அனுப்ப வேண்டும் என்றேன். மறைவார் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"தம்பி, நாலு வருஷமா எங்க கப்பல் எங்க இருக்குன்னு எதிரிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்ல, அதான் இந்தத் துறையோட ஒழுக்கம். இப்ப படகு அனுப்பினா, அங்க ஏதோ இருக்குன்னு நாமளே விரல் நீட்டிக் காட்டின மாதிரி ஆயிடும். அறுபத்தோரு பேர் முக்கியந்தான். ஆனா அறுபத்தோரு பேரும் காணாமப் போக சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் ஏறியிருக்காங்க."

நான் பார்வையாரைப் பார்த்தேன். என் துறை, என் இயக்குநர், பதினேழு வருஷம் வணக்கம் வைத்தவர். அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கப்பல்ல தீன்னு நம்ம பட்டியல்ல காரணமே கிடையாதேப்பா. அந்த இடத்துக்கு ஒண்ணுன்னு எழுதி, பாராட்டும் வாங்கியாச்சு. மறுபடி அதே இடத்துல கை வச்சா என்னோட துல்லியம் நூத்துலேர்ந்து அம்பதா விழுந்துடும். ரெண்டு நாள்ல பதவி உயர்வுக் குழு கூடுது."

செயலாளர்தான் வழி கண்டுபிடித்தார். எட்டு என்று எழுதச் சொன்னார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அந்தக் கடலில் இன்னும் சூரியனே உதிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். செயலாளர் யோசித்தார். வானிலை அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு உதய நேரம் கேட்டார். ஆறு மணி இருபத்தொரு நிமிடம் என்றார்கள். அதை மாற்ற முடியுமா என்று கேட்டார். எழுத்து மூலம் கோரிக்கை வந்தால் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். உடனே அவர் அங்கேயே நின்று கடிதம் சொல்ல ஆரம்பித்தார். நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, இன்று ஒருநாள் மட்டும், சூரிய உதயம் ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு நிகழ்ந்ததாகக் கொள்ளப்பட வேண்டும். மறைவார் ஒருமை பன்மையைத் திருத்தினார். தட்டச்சுக்குக் கொடுக்க மூவரும் எழுந்து போனார்கள்.

அறையில் நானும் கழற்றிப் போட்ட கதவும் மட்டும். திரையில் புள்ளி அப்படியே நின்றது. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. வேலை போய்விடும், வேலையோடு குடியிருப்பும் போய்விடும், சிறைக்குக்கூட அனுப்பலாம். அதோடு, அந்தப் புள்ளிக்குள் நின்றுகொண்டு அந்தப் பயல் இருமலைக்கூட அடக்கிக்கொண்டிருப்பான் என்று தோன்றியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மஞ்சள் தாளை இழுத்து ஆறு என்று எழுதினேன். மீட்பு நிலையத்துக்குத் தொலைபேசி போட்டேன். எடுத்தது ஒரு பெண்.

"ஆறா சார்? நான் வேலைக்கு வந்து இதுதான் முதல் ஆறு. இடத்தைச் சொல்லுங்க."

இடத்தைச் சொன்னேன். எத்தனை பேர் என்றாள், அறுபத்தொன்று என்றேன். மீன்பிடிப் படகில் அறுபத்தொரு பேரா என்று அவள் கேட்கவில்லை. இதோ கிளம்பிவிட்டார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று காலை அரசாங்கத்தில் வேலை பார்த்தவள் அவள் ஒருத்திதான். நான் நான்கு படிவங்களையும் நிரப்பினேன். வலையின் வகை, தெரியாது. பிடிபட்ட மீனின் எடை, தெரியாது.

இரண்டு மீட்புப் படகுகள் போய்ச் சேர்ந்தபோது அறுபத்தொரு பேரும் கப்பலின் முதுகில் காலுறையோடு வரிசையாக நின்றிருக்கிறார்கள். ஒருவரும் கத்தவில்லை, கையாட்டவில்லை. சத்தம் எழுப்பக் கப்பல் தலைவரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், அந்தப் படிவக் கட்டு தீயில் எரிந்துபோயிருந்தது. நீங்கள் யார் என்று மீட்புப் படகுக்காரர் கேட்டிருக்கிறார். ரகசியக் காப்புப் பயிற்சி பெற்ற அறுபது பேர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சமையல்காரனுக்கு அந்தப் பயிற்சியில் பாதி நாள் அடுப்படி வேலை இருந்ததால், மச்சான் மட்டும் மெல்ல, மீன்காரர்கள் என்றான். என்ன மீன் என்று கேட்டார். கொஞ்சம் யோசித்து, டின்னில் வருவது என்றான். அவர்கள் ஏறிக்கொண்ட பத்தாவது நிமிடம் கப்பல் மூழ்கியது. அதுவும் சத்தமில்லாமல்தான்.

நான்காம் நாள் எனக்கு விசாரணை. எட்டு என்று எழுதச் சொல்லியும் ஆறு எழுதினேன் என்பது குற்றச்சாட்டு. மீட்பு நிலையத்தின் அறிக்கை மேசை மேல் இருந்தது. படகின் நீளம் தொண்ணூறு மீட்டர், வலை இல்லை, தூண்டில் இல்லை, மரக்கரண்டி பதினெட்டு. என்னை வேலையைவிட்டு நீக்கினால் மட்டும் போதாது என்றார் மறைவார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று செயலாளர் கேட்டார். ராத்திரியெல்லாம் என் மனைவியோடு உட்கார்ந்து யோசித்துவைத்ததைச் சொன்னேன்.

"தப்புதாங்க சார். அது மீன்பிடிப் படகு இல்ல. என்னன்னு சரியா எழுதித் திருத்திக் குடுத்துடட்டுமா?"

மறைவார் என்னை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். பிறகு அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, தெளிவான குரலில் சொன்னார்.

"அது மீன்பிடிப் படகுதான்."

மீன்பிடிப் படகை மீன்பிடிப் படகு என்று சரியாக அடையாளம் கண்டதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். தச்சர் வந்து கதவைத் திரும்ப மாட்டினார். நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்கடியில் தன் கடமையைத் தொடர்வதாகக் கோப்பில் எழுதப்பட்டது. அன்றிலிருந்து அது யார் கண்ணிலும் படவில்லை என்பதால் மறைவாருக்கு மறைவுக்கான தங்கப் பதக்கம் கிடைத்தது. அதைப் பொறாமையில்லாமல் சொல்கிறேன், அவருக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

விசாரணைக்கு மறுநாள் மச்சான் இடது கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தான். என் மனைவி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்புறம் முதுகில் ரெண்டு போட்டாள், மறுபடி அழுதாள். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஆவணப்படி அவன் கடலுக்கடியில் இருக்கிறான். இரண்டே மாதத்தில் புதுக் கப்பல் வருகிறது என்றும், பழைய ஆட்களையே அதில் ஏற்றுவார்கள் என்றும் அவன் காதில் விழுந்திருந்தது. இன்னொரு தடவை அவனை அனுப்பமாட்டேன் என்று என் மனைவி என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் என்ன சத்தியம் செய்வது, எனக்கு எழுதத் தெரிந்தது ஒன்பது எண்கள்.

கல்யாணத்துக்கு மறைவார் வந்தார். விடுப்பு விண்ணப்பம் திரும்பி வந்தாலும் அதோடு இணைத்த பத்திரிகை கோப்பிலேயே தங்கிவிட்டிருந்தது, பெரிய மனிதர், மரியாதைக்கு வந்துவிட்டார். மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளையை அவர் கண் ஒரு தூணைத் தாண்டுவதுபோல் தாண்டியது. நேரே பெண்ணிடம் போய், மாப்பிள்ளையால் வர முடியாத சூழ்நிலைக்குத் துறையின் சார்பில் வருத்தம் தெரிவிக்கும் கடிதத்தை வாசித்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் புருஷன் எங்க இருக்கார்னு இந்த உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாதும்மா. அது உனக்குப் பெருமை" என்று முடித்தார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள் அவள்.

மறைவாருக்கு முகம் வெளுத்துவிட்டது. சாப்பிடாமலே கிளம்பினார். மறுநாள் காலையில் ஒரு ஆள் வந்து அவளிடம் படிவம் ஒன்றை நீட்டினான். துறைப் பணியாளரின் இருப்பிடத்தை அறிந்தவர்கள் தரவேண்டிய வாக்குமூலம். இருப்பிடம் என்ற கட்டத்தில் அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, சமையலறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளை ஏழு அரக்கு முத்திரை வைத்து இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். அதைப் பிரித்துப் பார்க்க மறைவாருக்கே அனுமதி கிடையாது.

இரண்டு மாதம் கழித்துப் புதுக் கப்பலுக்கான உத்தரவுகள் கிளம்பின. மற்றவர்களில் சிலர் போனார்கள், சிலர் நிஜமாகவே மீன்பிடிக்கப் போய்விட்டார்கள். மச்சானுக்கான உத்தரவு மட்டும் விலாசம் இல்லாமல் நின்றது. விலாசம் பெட்டிக்குள் இருந்தது. மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்த பிறகு, வேறு வழியில்லாமல் செயலாளர் அதை எங்கள் துறைக்கு அனுப்பினார். இந்த ஆளைச் செயற்கைக்கோள் வழியாகத் தேடி, எங்கே இருக்கிறார் என்று பத்து நாளில் அறிக்கை தரவும். பார்வையார் அதை என் மேசையில் போட்டார்.

பத்து நாளும் திரை முன் உட்கார்ந்து தேடினேன். பத்தாம் நாள், எவ்வளவு முயன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, இது எங்கள் துறையின் தோல்வி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்வையார் அதைப் படித்துவிட்டு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மறைவார் அதைப் படித்தபோது நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை படித்தார். பார்வையாருக்குக் கிடைத்த தோல்வியை அவர் வாழ்நாளில் இப்படி எழுத்தில் பார்த்ததில்லை. கோப்பின் மூலையில் பச்சை மையால் எழுதினார். இந்தப் பணியாளர் மிகச் சிறப்பாக மறைந்திருக்கிறார், எக்காரணம் கொண்டும் இவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, ஓய்வுபெறும் வயது வரை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் நானும் என் மனைவியும் மச்சான் வீட்டில்தான் சாப்பிட்டோம்.